மல்லாக்கவா, குப்புறவா? குழந்தைகளுக்கு முழங்கை ஆபரேஷன்: வாசகர் கேள்விகள்

விடுமுறைக் காலம் வந்தால் எங்கள் வார்டில் முழங்கை உடைந்த பிள்ளைகள் கூடிவிடுவார்கள், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் அதற்கேற்ப மாறிவிடும். இந்த முறை பலர் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள்: ஆபரேஷன் மேசையில் பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பார்கள், அதனால் என்ன ஆகும்? பெற்றோர் அதிகம் கேட்காத கேள்வி, ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. அதனால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (ஒரு தாய், திண்டுக்கல்): டாக்டர், என் மகனுக்கு ஆறு வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை உடைந்துவிட்டது. 'சுப்ராகாண்டைலர், டைப் 3, கம்பி போடணும்' என்றார்கள். முதலில் போன மருத்துவமனையில் குப்புறப் படுக்க வைத்துச் செய்வோம் என்றார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் செய்வேன் என்றார். அவரிடமே செய்துகொண்டோம், பையன் நன்றாக இருக்கிறான். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரே முறிவுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வது எப்படி? எது சரி?

பதில்: இரண்டும் சரிதான் அம்மா. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், எலும்பு கூடுவதிலும் கை மடங்கி நீளுவதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. அப்படியானால் டாக்டர்கள் ஏன் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள் என்று கேட்பீர்கள், அதற்கு முறிவு எப்படி நடக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

பிள்ளை கையை ஊன்றி விழும்போது முழங்கை பின்பக்கமாக வளைகிறது. மேல்கை எலும்பின் அடியில், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, முன்னாலும் பின்னாலும் குழி இருப்பதால் நடுவில் எலும்பு ரொம்ப மெல்லியதாக இருக்கும் ஓர் இடம் உண்டு, அங்கேதான் உடைகிறது. சுப்ராகாண்டைலர் முறிவு என்பது இதுதான். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இது மிக அதிகம், குழந்தைகளின் முழங்கை முறிவுகளில் முதலிடம் இதற்குத்தான். நூற்றில் 95-க்கு மேல் கீழ்த்துண்டு பின்பக்கமாக நகரும் வகை. அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை வைத்து கார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1959-ல் மூன்றாகப் பிரித்தார், உங்களுக்குச் சொன்ன 'டைப் 3' அதுதான்: இரண்டு துண்டுகளும் முழுக்க விலகிவிட்டன என்று அர்த்தம். பிற்பாடு இதில் நாலாவதாக ஒரு வகையும் சேர்ந்தது, எந்தப் பக்கமும் நிலைக்காமல் முன்னும் பின்னும் ஆடும் முறிவு அது.

சிகிச்சை என்னவோ எளிமையாகத்தான் தெரியும். மயக்கம் கொடுத்து, கையை இழுத்து, வெளியிலிருந்தே எலும்பைச் சேர்த்து, தோல் வழியாகக் கே-ஒயர் என்ற மெல்லிய கம்பிகளைச் செலுத்திப் பிடித்து வைப்பது. கம்பி பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் தடிமன், பெரிய பிள்ளை என்றால் 2 மில்லிமீட்டர். மொத்த வேலையும் பல சமயம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் சி-ஆர்ம் என்ற, மேசையைச் சுற்றி நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே கருவியில் எலும்பை நேராகவும் பக்கவாட்டிலும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், பார்க்கும்போது சேர்த்த எலும்பு நழுவக் கூடாது. படுக்க வைக்கும் விதம் இங்கேதான் வந்து நிற்கிறது.

மல்லாக்கப் படுக்க வைத்தால், உதவியாளர் அக்குள் பக்கம் பிடித்துக்கொள்ள, நான் முன்கையைப் பிடித்து மெதுவாக, விடாமல் இழுப்பேன். பக்கவாட்டில் நகர்ந்திருப்பதைச் சரி செய்வேன். பிறகு கட்டைவிரலால் முழங்கை நுனியை முன்னால் தள்ளிக்கொண்டே கையை முழுக்க மடக்குவேன். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு இந்த வகை முறிவில் முன்பக்கம் கிழிந்து பின்பக்கம் பெரும்பாலும் கிழியாமல் இருக்கும், கதவுக்குக் கீல் மாதிரி. கையை மடக்கியதும் அந்தக் கீல் இறுகித் துண்டுகளைப் பூட்டிவிடும். அந்த நேரத்தில் விரலுக்குத் தெரியும், எலும்பு உட்கார்ந்துவிட்டது என்று. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமானால் தோளிலிருந்து மொத்தக் கையையும் வெளிப்பக்கம் சுழற்ற வேண்டும். சாதாரண டைப் 3-க்கு இது தொந்தரவு இல்லை. எந்தப் பக்கமும் ஆடும் அந்த நாலாவது வகைக்குத்தான் சுழற்றும்போது சேர்த்தது கலைந்துவிடும், அங்கே கையை அசைக்காமல் சி-ஆர்ம்-ஐச் சுற்றிக் கொண்டுவர வேண்டும்.

குப்புறப் படுக்க வைத்தால், மேல்கையை ஒரு சின்ன மெத்தைத் தாங்கியில் வைத்து, முன்கையைக் கீழே தொங்க விடுவார்கள். கையின் எடையே எலும்பை இழுக்கிறது, பாதி வேலை தானாக நடக்கிறது. முழங்கை சுமார் 90 டிகிரியில் இருப்பதால் இறுக்கி மடக்க வேண்டிய தேவை குறைவு. கை பலூனாக வீங்கியிருக்கும் பிள்ளைக்கு இது நிஜமான லாபம், ஏனென்றால் வீங்கிய முழங்கையை இறுக்கி மடக்கினால் மணிக்கட்டில் நாடியே நின்றுவிடலாம். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் கம்பி போட இடம் தாராளமாகக் கிடைக்கும். உதவிக்கு ஆள் குறைவாக இருக்கும் தியேட்டரிலும் இது கைகொடுக்கும்.

ஆனால் ஒரு விஷயம். முழங்கைக்கு முன்னால்தான் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. எலும்பின் முனை அதை நசுக்கியிருக்கலாம், கிழித்தும் இருக்கலாம். மணிக்கட்டில் நாடி தெரியவில்லை, அதிலும் கை வெளுத்துக் குளிர்ந்திருக்கிறது என்றால், தேவைப்பட்டால் முன்பக்கம் திறந்து தமனியைப் பார்க்க வேண்டியிருக்கும். குப்புறக் கிடக்கும் பிள்ளைக்கு அது முடியாது, திருப்பிப் போட்டு மறுபடி சுத்தம் செய்து துணி போர்த்த வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையை நான் மல்லாக்கத்தான் படுக்க வைப்பேன், இதில் மறுபேச்சு இல்லை.

என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பிள்ளைகளுக்கு மல்லாக்க. கீழ்த்துண்டு முன்பக்கம் போகும் அபூர்வ வகைக்கு, அதாவது மடங்கிய கை அடிபட்டு உடையும் வகைக்கு, குப்புறவோ ஒருக்களித்தோ. அந்த வகையில் கையை மடக்கினால் எலும்பு இன்னும் விலகும், அதனால் மல்லாக்க வைத்துப் போராடுவதைவிட இது மேல். எந்த நிலையிலும் ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது, எலும்பு கோணாமல் சேர வேண்டும். மேல்கை எலும்பின் வளர்ச்சியில் முழங்கைப் பக்கத்துப் பங்கு சுமார் 20 சதவீதம்தான், அதனால் இங்கே கோணலாகக் கூடிய எலும்பு 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று விட முடியாது. உங்கள் முதல் டாக்டர் குப்புற வைத்துச் செய்து பழகியவராக இருந்திருந்தால், அவரிடமும் உங்கள் மகன் இதே மாதிரி நன்றாகத்தான் வந்திருப்பான். தான் தினமும் செய்யாத முறையை, பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காக ஒரு டாக்டர் செய்வதுதான் எனக்குக் கவலை தரும்.

கேள்வி (ஒரு தந்தை, கடலூர்): என் மகளுக்கு எட்டு வயது. இரண்டு வருடம் முன்பு முழங்கை உடைந்தபோது ஊரில் கட்டுப் போட்டோம். கை உள்பக்கமாக வளைந்து கூடிவிட்டது. அடுத்த மாதம் எலும்பை வெட்டி நேராக்கும் ஆபரேஷன், குப்புறப் படுக்க வைத்துச் செய்யப் போகிறார்களாம். அவளுக்கு அடிக்கடி வீசிங் வரும். மயக்கத்தில் குப்புறப் போட்டால் மூச்சுக்கு ஆபத்து இல்லையா? இரவெல்லாம் இதே யோசனை.

பதில்: உங்கள் கவலை புரிகிறது, இதைத் தீர்க்கிற வழியும் இருக்கிறது. குப்புற வைக்கும் ஆபரேஷனில் வழக்கமாகக் குழந்தையை முதலில் மல்லாக்க வைத்தே மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் வைத்து, அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, நன்றாக ஒட்டிய பிறகுதான் திருப்புவார்கள். திருப்பியதும் நெஞ்சின் இரண்டு பக்கத்திலும் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சுச் சத்தத்தை மறுபடி கேட்பார்கள், திருப்பும்போது டியூப் நகர்ந்திருக்கலாம் என்பதால். அதன் பிறகு மூச்சை மெஷினும் மயக்க டாக்டரும் பார்த்துக்கொள்கிறார்கள், முகம் தலையணையில் அழுந்தி மூச்சு முட்டும் என்று நாம் நினைக்கிற பேச்சே அங்கே இல்லை.

அங்கே முக்கியம் வயிறு. நெஞ்சின் மேல்பகுதிக்கும் இடுப்பு எலும்புக்கும் அடியில் உருளை மெத்தைகள் வைத்து, வயிறு எதிலும் அழுந்தாமல் விட்டுவிட்டால், குப்புறக் கிடப்பவரின் நுரையீரல் மல்லாக்கக் கிடப்பவருடையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காற்றைத் தாங்கும். வயிறு அழுந்தினால்தான் மூச்சுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் தொல்லை. அடுத்தது கண்: இமைகளை மூடி டேப் ஒட்டி, கண்ணில் எந்த அழுத்தமும் விழாதபடி முகத்தை மென்மையான தாங்கியில் வைக்க வேண்டும். கழுத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பக் கூடாது, முழங்கால்களுக்கு அடியில் மெத்தை வேண்டும், நல்ல கையைத் தோளிலிருந்து 90 டிகிரிக்கு மேல் விரித்து வைக்கக் கூடாது, அக்குள் வழியாகப் போகும் நரம்புக் கற்றை இழுபடும். இவ்வளவும் ஒரு நல்ல தியேட்டரில் அன்றாடம் நடக்கும் வேலைதான்.

வீசிங் விஷயத்தில் நீங்கள்தான் செய்ய வேண்டியது இருக்கிறது. மயக்க டாக்டரை முன்கூட்டியே பார்த்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது வந்தது, என்ன மருந்து, வார்டில் சேர்த்த தடவை உண்டா, சமீபத்தில் சளி காய்ச்சல் இருந்ததா. இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோங்கள், வழக்கமாக எடுப்பதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஆபரேஷன் நெருங்கும்போது சளியோ இருமலோ பிடித்துக்கொண்டால் மறைக்காமல் சொல்லித் தள்ளிப்போடுங்கள். இது அவசர ஆபரேஷன் இல்லை, சில வாரம் தள்ளினால் எலும்புக்கு எதுவும் ஆகாது. இதே ஆபரேஷனை மல்லாக்க வைத்து வெளிப்பக்கம் திறந்தும் செய்கிறவர்கள் உண்டு, மயக்க டாக்டர் அதையே விரும்பினால் இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்களா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி (ஒரு பாட்டி, மதுரை): சின்னப் பிள்ளையை இத்தனை மணி நேரம் பட்டினி போடுகிறார்களே, ஒரு வாய் பால் கொடுத்தால் என்ன?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. திட உணவுக்கும் மாட்டுப்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பல காலமாக இருக்கும் கணக்கு, தண்ணீருக்கு இப்போது இன்னும் தளர்வாக விடும் இடங்களும் உண்டு. அடிபட்ட பிள்ளைக்கு வலியாலும் பயத்தாலும் வயிறு காலியாக வழக்கத்தைவிட நேரமாகும். அதனால்தான் 'விழுந்தது எப்போது, அதற்கு எவ்வளவு நேரம் முன்னால் சாப்பிட்டது' என்று சேர்த்துக் கேட்கிறார்கள், சரியாகச் சொல்லுங்கள். பேரன் ரகசியமாகத் தின்ற பிஸ்கட்டையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஊர் வேண்டாம்): எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாகச் சி-ஆர்ம் வந்திருக்கிறது. குழந்தைகளின் முழங்கைக் கேஸ்கள் இப்போது எங்களிடமே செய்கிறார்கள். மல்லாக்க வைக்கும்போது நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? ஒருமுறை துணி போர்த்திய பிறகுதான் எக்ஸ்ரேயில் முழங்கை வரவில்லை என்று தெரிந்து, எல்லாவற்றையும் கலைத்துத் திரும்பச் செய்தோம்.

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம். படுக்க வைப்பதில் தவறினால் அதற்குப் பிறகு சர்ஜன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கஷ்டம்தான், அதைச் சரி செய்யக்கூடிய ஆள் பெரும்பாலும் உங்களை மாதிரி நர்ஸ்தான்.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் பிள்ளையின் கை சின்னது என்பதுதான். பெரியவர்களை மேசை நடுவில் படுக்க வைத்துக் கையை விரித்தால் முழங்கை தானாக வெளியே வந்துவிடும். நாலு வயதுப் பிள்ளைக்கு அப்படி வராது, முழங்கை மேசை விளிம்பிலேயே நின்றுவிடும், எக்ஸ்ரேயில் மேசையின் இரும்புச் சட்டம்தான் தெரியும். அதனால் பிள்ளையை அடிபட்ட பக்கத்து விளிம்புக்கே நகர்த்த வேண்டும், தோள் கொஞ்சம் வெளியே வரும் அளவுக்கு. சிலர் கைப்பலகையே வைக்காமல் சி-ஆர்ம்-ஐத் தலைகீழாக்கி, படம் பிடிக்கும் தட்டைப் பாகத்தையே மேசையாக்கி அதன் மேல் கையை வைத்துச் செய்வார்கள், சின்னப் பிள்ளைக்கு அது வசதி. பலகை வைப்பதானால் முழுக்க எக்ஸ்ரே ஊடுருவும் பலகையாக இருக்கட்டும், நடுவில் கம்பி ஓடுகிற பலகை வேண்டாம்.

விளிம்புக்கு நகர்த்திய அந்த நொடியிலிருந்து பிள்ளை கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேசை ஒடுக்கம், பிள்ளை மயக்கத்தில், சர்ஜன் கையைப் பிடித்து இழுக்கப் போகிறார், இழுத்தால் மொத்த உடம்பும் கூடவே வரும். ஒரு பெட்ஷீட்டை மடித்து நெஞ்சைச் சுற்றி அக்குளுக்கு அடியில் கொடுத்து எதிர்ப்பக்கம் கட்டிவிடுங்கள், எதிர் இழுவையும் கிடைக்கும், பிள்ளையும் நிற்கும். இறுக்கம் எவ்வளவு என்று மயக்க டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், நெஞ்சு ஏறி இறங்க இடம் வேண்டும். தலையை மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. உடம்பு விளிம்புக்கு வரும்போது தலையும் விளிம்புக்கு வந்துவிடும், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும். தலைக்கு வளையம் வைத்து, நெற்றியில் பஞ்சு வைத்து அதன் மேல் டேப் ஒட்டி நிறுத்துங்கள், கழுத்து நேராக இருக்கிறதா என்று கால்மாட்டிலிருந்து நின்று பாருங்கள், பக்கத்தில் நின்று பார்த்தால் கோணல் தெரியாது.

ஐ.வி. லைன், பி.பி. கஃப் எல்லாம் மற்றக் கையில் அல்லது காலில். குதிகாலுக்கு அடியில் மென்மையாக ஏதாவது. வெற்று உடம்பாக ஏ.சி.யில் கிடக்கவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு உடம்புச் சூடு வேகமாக இறங்கிவிடும். கழுத்துக்கும் இடுப்புக்கும் ஈயக் கவசத்தைப் படத்தில் விழாத மாதிரி போடுங்கள். கை அசையாமலிருக்கக் கட்டிய ஸ்பிளிண்ட்டைப் பிரித்ததும் மணிக்கட்டு நாடி, விரல்களின் நிறம், சூடு பார்த்து எழுதிவைத்துவிடுங்கள், ஆபரேஷன் முடிந்து நாடி தெரியவில்லை என்றால் முதலில் கேட்கப்படும் கேள்வி 'முன்னாடி இருந்ததா' என்பதுதான்.

அப்புறம், துணி போர்த்துவதற்கு முன் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்ஜன் அவசரப்பட்டாலும் சொல்லுங்கள். இரண்டும் தெளிவாக வந்தால்தான் சுத்தம் செய்ய ஆரம்பிக்க வேண்டும் என்பதை உங்கள் தியேட்டரின் வழக்கமாக்கிவிட்டால் அன்று நடந்தது திரும்ப நடக்காது.

குப்புற வைக்கும் நாள் வந்தால் கூடுதலாக ஒன்று: மேல்கைக்கு அடியில் வைக்கும் மெத்தை முழங்கை மடிப்பு வரை வந்துவிடக் கூடாது. அந்த மடிப்பில்தான் தமனி, அங்கே மெத்தை அழுத்தினால் தொங்கும் கைக்கு ரத்தம் குறையும். மெத்தை கொஞ்சம் மேலேயே முடிந்து, மடிப்பு காற்றில் இருக்க வேண்டும்.

கேள்வி (ஒரு தந்தை, நாகர்கோவில்): மகனுக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்திருக்கின்றன. 'நரம்பு, சரியாகிவிடும்' என்கிறார்கள். படுக்க வைத்த விதம் தவறா?

பதில்: முழங்கையின் உள்பக்கம் இடித்தால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்கிறதே, அந்த நரம்பு இது, அல்நார் நரம்பு. உள்பக்கத்து எலும்புப் புடைப்புக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் ஓடுகிறது. பல குழந்தைகளுக்குக் கையை முழுக்க மடக்கினால் இந்த நரம்பு பள்ளத்தை விட்டு நழுவி முன்னால் வந்துவிடும். மல்லாக்க வைத்து, கையை இறுக்கி மடக்கிய நிலையிலேயே உள்பக்கம் கம்பி போட்டால் அது நரம்பில் படவோ நரம்பை இழுக்கவோ வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் பலரும் இப்போது வெளிப்பக்கத்திலிருந்தே இரண்டு மூன்று கம்பிகளை விரித்துப் போட்டு முடித்துவிடுகிறோம். உள்பக்கமும் கட்டாயம் வேண்டும் என்றால் வெளிக்கம்பிகளைப் போட்ட பிறகு கையைக் கொஞ்சம் நீட்டி, சின்னதாகத் திறந்து, நரம்பைக் கட்டைவிரலால் பின்னால் ஒதுக்கிக்கொண்டு போடுவது வழி. குப்புற வைத்தால் கை அவ்வளவு மடங்கியிருக்காது என்பது அந்த முறையை விரும்புகிறவர்கள் சொல்லும் நியாயம், எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

உங்கள் மகனுக்கு நடந்தது அதுதானா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. எலும்பு உடையும்போதே நரம்பு அடிபடுவதும் உண்டு, அதனால் ஆபரேஷனுக்கு முன் விரல்களைச் சோதித்து எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். உள்பக்கம் கம்பி இருக்கிறதா, அதை எப்போது எடுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். இப்படி மரத்த நரம்புகளில் பெரும்பாலானவை வாரங்களிலும் மாதங்களிலும் திரும்பிவிடுகின்றன, உங்கள் டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் 'சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்புவதோடு நிற்காமல், விரல்களை விரிக்க முடிகிறதா, ஒன்றின் மேல் ஒன்று பின்ன முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து எழுத வேண்டும். அப்படிச் செய்யவில்லை என்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

மற்றப் பெற்றோருக்கும் ஒன்று. முழங்கை உடைந்த பிள்ளையை ஆபரேஷனுக்கு முன்னாலேயே மூன்று காரியம் செய்யச் சொல்லிப் பாருங்கள்: கட்டைவிரலை உயர்த்தச் சொல்லுங்கள், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள், விரல்களைப் பின்னச் சொல்லுங்கள். மூன்றும் மூன்று நரம்புகள். பின்பக்கம் நகரும் வகையில் அதிகம் அடிபடுவது வட்டம் போட வைக்கும் நரம்புதான், அது பலவீனமாக இருந்தால் வட்டத்துக்குப் பதில் இரண்டு விரல்களும் தட்டையாக ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (ஒரு தாய், சேலம்): கபடி விளையாடும்போது என் மகளுக்கு (வயது 12) முழங்கை விலகி, உள்பக்கத்துச் சின்ன எலும்பு பெயர்ந்துவிட்டது. குப்புறப் படுக்க வைத்து, கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து வைத்து ஸ்குரூ போட்டார்களாம். கேட்கவே பயமாக இருக்கிறது, இப்படியும் உண்டா?

பதில்: உண்டு, நல்ல யோசனையும்கூட. அந்தத் துண்டில்தான் முன்கைத் தசைகள் வந்து ஒட்டுகின்றன, அவை துண்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். மல்லாக்க வைத்துக் கையை வெளிப்பக்கம் திருப்பினால் முழங்கையின் உள்பக்கம் விரிந்து, துண்டு தன் இடத்துக்கு வர மறுக்கும். குப்புற வைத்துக் கையை முதுகுப் பக்கம் மெதுவாக மடக்கினால் உள்பக்கம் தளர்ந்து, மேலே பார்த்தபடி நிற்கும், துண்டு எளிதாக உட்காரும். முறுக்கியெல்லாம் வைப்பதில்லை, தோள் தானாகப் போகிற அளவுதான்.

கேள்வி (ஒரு தாத்தா, புதுக்கோட்டை): எங்கள் காலத்தில் மூங்கில் வைத்துக் கட்டினார்கள், கூடியது. எதற்கு இந்த மேசை, மயக்கம் எல்லாம்?

பதில்: ஐயா, விலகாத முறிவு எப்படிக் கட்டினாலும் கூடும், அதற்கு நாங்களும் மாவுக்கட்டுதான் போடுகிறோம், ஆபரேஷன் இல்லை. விலகிய முழங்கை முறிவை இறுக்கிக் கட்டும்போதுதான் விபரீதம். உள்ளே வீங்கிக்கொண்டே போகும், வெளியே மூங்கில் விடாது, தசைக்கு ரத்தம் நின்றுவிடும். சில மணி நேரத்தில் முன்கைத் தசைகள் செத்துப்போய், விரல்கள் நகம்போல் மடங்கி நிரந்தரமாக நின்றுவிடும். ஃபோல்க்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் 1881-லேயே இதை விவரித்துவிட்டார், இன்னும் அந்தக் கைகள் எங்களிடம் வருகின்றன. அப்படி ஒரு குழந்தையின் கையைப் பார்த்த எவரும் கட்டுக்கு ஆதரவாகப் பேச மாட்டார்கள்.

மாவுக்கட்டிலும் இதே ஆபத்து உண்டு, ஆபரேஷனுக்குப் பிறகும் உண்டு. வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளை சமாதானமாகாமல் துடிக்கிறது, விரலை நீங்கள் மெல்ல நீட்டினாலே அலறுகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 'கட்டைப் பிரித்துப் பாருங்கள்' என்று கேட்டு நில்லுங்கள்.

கேள்வி (ஒரு தாய், தஞ்சாவூர்): கம்பி எடுக்கும்போது மறுபடி மயக்கம் வேண்டுமா? எடுத்த பிறகு எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சீக்கிரம் நீளுமா?

பதில்: பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் எடுத்துவிடுவோம், ஓ.பி.யிலேயே, மயக்கம் இல்லாமல். கம்பியின் நுனி தோலுக்கு வெளியே வளைத்து விடப்பட்டிருக்கும், பிடித்து இழுத்தால் வந்துவிடும். பிள்ளைகள் வலியைவிட அந்தக் கருவியைப் பார்த்துத்தான் அழுகிறார்கள், அதனால் முகத்தை உங்கள் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருவிவிடுவது மட்டும் வேண்டாம். எண்ணெய் குற்றமில்லை, அழுத்தித் தேய்ப்பதும் கையைப் பிடித்து இழுத்து நீட்டுவதும்தான் குற்றம். அடிபட்ட தசையில் எலும்பு படிந்து முழங்கை கெட்டியாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. கட்டுப் பிரித்த அன்று கை நீளாது, மடங்காது, அதைப் பார்த்துப் பயந்து வாளியைத் தூக்கச் சொல்வது, கதவில் தொங்கச் சொல்வது எல்லாம் நடக்கிறது, எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாக பிசியோதெரபிகூட அநேகமாகத் தேவைப்படாது. தானே சாப்பிட, தலை வார, சட்டை போட விடுங்கள், பந்தை உருட்டி விளையாட விடுங்கள். சில வாரங்களில் பெரும்பகுதி திரும்பிவிடும், கடைசிக் கொஞ்சம் நீளுவதற்குச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். ஆறு வாரம் கழித்தும் முன்னேற்றமே இல்லை என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள். மரம் ஏறுவது, சைக்கிள், ஊஞ்சல் எல்லாம் அவர் சரி என்ற பிறகு.